பிணவாடைப் பூவும் அப்பாவின் வலது காலும்

அப்பாவின் வலது கால் போனதற்குக் காரணம் இனிப்பு நீர் வியாதி என்றுதான் எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். அது பொய்யில்லை. ஆனால் அந்த வியாதிக்கு நான் ஐந்து நாள் கூடுதலாகக் கொடுத்தேன். அந்த ஐந்து நாளும் வீட்டில் ஏதோ அழுகுகிறது என்று என் மனைவி சொல்லிக்கொண்டே இருந்தாள். அது என் பூ என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

என்ன பூ என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தச் செடிக்கு இலை கிடையாது. விரல் தடிமனில் நாலு பட்டையாகப் பச்சைத் தண்டுகள் கூட்டமாக நிமிர்ந்து நிற்கும். பட்டை ஓரத்தில் பல் பல்லாக இருக்கும், குத்தாது. பார்ப்பவர்கள் கள்ளி என்பார்கள், கள்ளி இல்லை. தண்டின் அடியில் மொட்டு விட்டு, ஒரு நாள் ஐந்து இதழ் நட்சத்திரமாக விரியும். வாசனை, செத்த எலி. ஈயை வரவழைக்கத்தான் அந்த நாற்றம். ஈ ஏமாந்துபோய்ப் பூவின் நடுவில் முட்டைகூட வைத்துவிட்டுப் போகும். புழு பொரித்து, தின்ன ஒன்றும் இல்லாமல் செத்துப்போகும். இரண்டு மூன்று நாளில் பூ சுருங்கிவிடும். இதையெல்லாம் எவனாவது வீட்டில் வைத்து வளர்ப்பானா என்று கேட்டால், நான் வளர்த்தேன். ஒன்றல்ல, பதினேழு சட்டி.

எனக்குத் தண்ணீர் மீட்டர் பார்க்கும் வேலை. எழுபதுகளின் கடைசியில் சேர்ந்தேன். மோட்டார் சைக்கிளில் ஈப்போவுக்குள் புந்தோங், வடக்கே செமோர், அந்தப் பக்கம் தஞ்சோங் ரம்புத்தான் என்று மாறி மாறிப் போக வேண்டும். எனக்கென்றே செய்த வேலை அது. ஓரிடத்தில் உட்காரச் சொன்னால் எனக்கு இருப்புக் கொள்ளாது. கல்யாண மேடையில் தாலி கட்டும் முன்பே இரண்டு தடவை எழுந்து நின்றுவிட்டேன் என்று மனைவி இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள். மீட்டர்காரன் எந்த வீட்டுக் கொல்லைக்கும் போகலாம், நாயைத் தவிர யாரும் தடுக்க மாட்டார்கள்.

செமோரில் ஒரு சீனர் வீட்டுப் பின்பக்கம், மீட்டருக்குப் பக்கத்தில், துருப்பிடித்த பிஸ்கட் டின்னில்தான் முதல் பூவைப் பார்த்தேன். வெளிர் மஞ்சள். அதன்மேல் முழுக்கக் கருஞ்சிவப்புப் புள்ளிகள், நடுவில் தடித்த வளையம். குனிந்து முகர்ந்தேன், குமட்டியது. மறுபடியும் முகர்ந்தேன். மீட்டர் எண்ணைக் குறிக்காமலே அடுத்த வீட்டுக்குப் போய்விட்டு, அதற்காகத் திரும்பி வந்தபோது மூன்றாவது தடவையும் முகர்ந்தேன். வீட்டுக்கார அம்மா சிரித்துவிட்டு ஒரு தண்டை முறித்துக் கையில் கொடுத்தாள்.

அன்றைக்கே மண்ணில் நட்டுத் தண்ணீர் ஊற்றினேன். நான்காம் நாள் தண்டு கூழாகிக் கிடந்தது.

என்ன தப்பு செய்தேன் என்பதை எனக்குச் சொன்னவர் தஞ்சோங் ரம்புத்தானில் இருந்த ஒரு மிஸ்ஸி. நர்ஸுகளை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். ஓய்வு பெற்றவர், யாழ்ப்பாணத்து வம்சம், தனியாக இருந்தார். அவர் வீட்டு மீட்டரைப் பார்க்கப் போனபோது, பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே மூன்று தட்டு அலமாரி நிறைய அதே ஜாதிச் செடி. ஒவ்வொரு சட்டியிலும் தகரத் துண்டில் ஆணியால் கீறிய பெயர். என் கதையைக் கேட்டதும் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"முறிச்ச காயம் ஆறாமல் மண்ணிலை வைக்கப்படாது தம்பி. ஒரு கிழமை நிழலிலை காய விடுங்கோ. பிறகு நட்டு, அதுக்குப் பிறகும் ஒரு கிழமை தண்ணி விடாதேங்கோ."

இரண்டு வாரம்! என்னிடம்! அடுத்த மூன்று தண்டுகளையும் மூன்றாம் நாளே நட்டு மூன்றையும் கொன்றேன். கடைசியில் ஒரு தண்டை மனைவியிடம் கொடுத்து, எனக்குத் தெரியாத இடத்தில் ஒளித்து வைக்கச் சொன்னேன். அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்திருந்தாள். அதுதான் பிழைத்தது.

மிஸ்ஸியிடம் செடி சும்மா கிடைக்காது. அவரிடம் இல்லாத ரகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தால், நம்மிடம் இல்லாத ரகத்தைக் கொடுப்பார். அந்த மூன்று ஊரில் எந்தக் கொல்லையில் எந்தத் தண்டு இருக்கிறது என்று என்னைவிடத் தெரிந்தவன் கிடையாது. புள்ளி ரகத்திலேயே எத்தனை! ஒன்றில் புள்ளி பொடிப்பொடியாக இருக்கும், ஒன்றில் புள்ளிகள் சேர்ந்து கோடாகியிருக்கும், ஒன்று கிட்டத்தட்ட வெறும் மஞ்சள். அவர் நீளமான லத்தீன் பெயர் சொல்வார். என் வாயில் அது நுழையாததால் நானே பெயர் வைத்துக்கொண்டேன். கருஞ்சிவப்பில் முடி முளைத்த பூவுக்கு ஆட்டுக்காது. புட்டி மூடி அளவில் கோடு கோடாக இருக்கும் சின்னப் பூவுக்கு வரி. எல்லாவற்றிலும் பெரிய பூ சாப்பாட்டுத் தட்டு அளவு விரியுமாம், அதற்குத் தட்டு. அதன் நாற்றம் அடுத்த வீட்டுக்காரனைச் சண்டைக்கு அழைத்து வருமாம். தட்டை மிஸ்ஸி எனக்குக் கொடுத்து மூன்று வருஷம் ஆகியும் நான் பூவைப் பார்க்கவில்லை. முதல் மொட்டு வந்தபோது வெயில் நன்றாகப் படட்டும் என்று சட்டியை நகர்த்தினேன், உதிர்ந்துவிட்டது. இரண்டாவது மொட்டுக்குத் தண்ணீரைக் கூட்டினேன், அதுவும் போனது.

"ஊருல பைத்தியத்தத்தான் தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்புவாங்க. எங்க வீட்டு ஆளு மாசம் தவறாம அவரே போயிடறாரு" என்று என் மனைவி கோயிலில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

அப்பாவுக்கும் என் செடிகளைக் கண்டால் இளக்காரம்தான். செமோருக்கு அந்தப்பக்கம் ஒரு தோட்டத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் ரப்பர்ப் பால் மரம் வெட்டியவர். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்று மரங்களைச் சாய்த்த பிறகு, புந்தோங்கில் எங்களோடு வந்து இருந்தார். முதல் நாளே என் செடியில் ஒரு தண்டைக் கத்தியால் கீறிப் பார்த்தார். தண்ணீர் மாதிரி கசிந்தது.

"பால் இல்ல. பால் இல்லாதது என்னாலா செடி?" என்றார்.

தோட்டத்திலிருந்து அவர் கொண்டு வந்தவை இரண்டு. ஒன்று, ஒரு சாக்கு நிறையப் பால் மங்கு. மரத்தில் கட்டிப் பால் பிடிக்கும் கிண்ணம் அது. அதில்தான் என் செடிகளை நட்டேன், அப்பாவே ஆணி வைத்து அடியில் ஓட்டை போட்டுத் தருவார். மண்ணுக்குப் பதில் பழைய ஈயச் சுரங்கத்து மணல், செங்கல் பொடி, கொஞ்சம் கரி. இது இல்லாவிட்டால் ஈப்போ மழைக்கு எதுவும் நிற்காது. இன்னொன்று, அவருடைய சப்பாத்துப் பழக்கம். காட்டில் அட்டைக்குப் பயந்து விடியுமுன் ரப்பர் சப்பாத்தும் நீளக் காலுறையும் போட்டுப் பழகியவர், வெட்டுவதற்கு மரமே இல்லாமல் போன பிறகும் காலையில் எழுந்ததும் அதைத்தான் போடுவார். சாயங்காலம் குளிக்கப் போகும்போதுதான் கழற்றுவார். குளித்துவிட்டு மறுபடி போட்டுக்கொள்வார். புந்தோங்கில் எத்தனையோ தோட்டத்துக் கிழவர்கள் அப்படித்தான் இருந்தார்கள். அதனால் எங்கள் யாருக்கும் அது கண்ணில் படவில்லை. அப்பாவின் வெறுங்காலைக் கடைசியாக எப்போது பார்த்தேன் என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது.

எண்பதுகளின் நடுவில் தட்டு மூன்றாவது முறையாக மொட்டு விட்டது. இந்தத் தடவை நான் சட்டியைத் தொடவில்லை, வேறு யாரையும் தொட விடவில்லை. சமையற்கட்டுக்குப் பின்னால் தகரத் தாழ்வாரத்தில் அலமாரி, அதன் பக்கத்தில் அப்பாவின் சாய்வு நாற்காலி. மொட்டு ஊதிய பை மாதிரி நாளுக்கு நாள் பெருத்தது. ஸ்கேலை வைத்துக் காலையில் ஒரு தரம் அளப்பேன், மத்தியானம் ஒரு தரம் அளப்பேன். மீட்டர் பார்க்கும் தெருவை நடுவில் விட்டுவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து மொட்டைப் பார்த்துவிட்டுப் போவேன். சாப்பாடு இறங்கவில்லை. மனைவி ஏதாவது கேட்டால் எரிந்து விழுந்தேன். சனிக்கிழமை வாருங்கள், ஞாயிறு விரிந்துவிடும் என்று மிஸ்ஸிக்கு ஆள் மூலம் சொல்லி அனுப்பினேன்.

திங்கட்கிழமை மத்தியானம் மனைவி சொன்னாள், "என்னங்க, பின்னால ஒரே பூசோக்கா நாறுது. என்னமோ அழுகுது."

போய்ப் பார்த்தேன். தட்டு விரியவில்லை. அலமாரியின் கீழ் அடுக்கில் வரி ஒன்று முந்தின நாள் பூத்திருந்தது. எனக்கு அது போதும்.

"பூ பூத்திருக்கு. அதுக்கு இவ்ளோ ஆர்ப்பாட்டமா?"

"இந்தப் பொடிப் பூவா? போன தடவ பூத்தப்ப ஒண்ணுமே நாறலயே."

"அன்னிக்கி மழ. இன்னிக்கி புழுக்கம். புழுக்கத்துல கூடத்தான் நாறும். உனக்கு என்ன தெரியும்?"

அப்போது நாற்காலியிலிருந்து அப்பா சொன்னார், "பூதான்மா. அவனுக்குத் தெரியாததா?"

ஏழு வருஷத்தில் என் செடி விஷயத்தில் அப்பா என் பக்கம் பேசியது அதுதான் முதல் தடவை. எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். சந்தோஷம்தான் வந்தது. மனைவியைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு சிரித்தேன்.

செவ்வாய்க்கிழமை நாற்றம் சமையற்கட்டுக்குள் வந்தது. மனைவி எலி செத்திருக்கிறதா என்று அலமாரிக்கு அடியிலெல்லாம் துழாவினாள். புதன்கிழமை டெட்டால் ஊற்றிக் கழுவினாள். நான் அவளிடம் பெரிய பாடமே நடத்தினேன். ஈ எப்படி வருகிறது, வெப்பம் எப்படி வாசனையைக் கூட்டுகிறது என்று மிஸ்ஸி சொன்னதையும் சொல்லாததையும் சேர்த்துச் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் அப்பா, "பூதான், பூதான்" என்றார். வியாழக்கிழமை அவர் சோறு வேண்டாம் என்றார். உடம்பு கொஞ்சம் சுட்டது. காய்ச்சல் மாத்திரை கொடுத்துவிட்டு மொட்டை அளக்கப் போனேன். வெள்ளிக்கிழமை போர்வையைப் போர்த்திக்கொண்டு நாற்காலியிலேயே கிடந்தார். "மழைக்குளிருலா, தாப்பா, ஒண்ணுமில்ல" என்றார். அன்றைக்கு மழையே இல்லை.

சனிக்கிழமை பத்து மணிக்கு மிஸ்ஸி டாக்சியில் வந்து இறங்கினார். கையில் செய்தித்தாளில் சுற்றிய நாலு தண்டு. நான் பேசிக்கொண்டே முன்னால் ஓடினேன். "வாங்க மிஸ்ஸி, முனை பிரிய ஆரம்பிச்சிடுச்சு, வந்து பாருங்க."

சமையற்கட்டு வாசலில் அவர் நின்றுவிட்டார். அலமாரியைப் பார்க்கவே இல்லை.

"எத்தினை நாளா இந்த மணம்?"

"திங்கக்கெழமையில இருந்து மிஸ்ஸி. வரி பூத்துச்சு, அதான்."

"வரி மூக்கை உள்ளுக்கை விட்டால்தானே மணக்கும். எப்ப வாடினது?"

"புதன்கெழம" என்றேன். புதன்கிழமை சாயங்காலம் அது சுருங்கியதை நானே பார்த்தேன். காய்ந்த பூவைக் கிள்ளிப் போட்டதும் நான்தான்.

"அப்ப இண்டைக்கு மணக்கிறது என்ன தம்பி?"

"பூதான்மா" என்றார் அப்பா, போர்வைக்குள்ளிருந்து.

மிஸ்ஸி கையிலிருந்த தண்டுகளைத் தரையில் வைத்துவிட்டு அவர் முன்னால் போய்க் குந்தினார். "ஐயா, சப்பாத்தைக் கழட்டுங்கோ."

அப்பா கழற்றவில்லை. மிஸ்ஸி இன்னொரு தடவை சொன்னார், அதே குரலில். அப்போதுதான் நான் ஈக்களைப் பார்த்தேன். அந்த வாரம் முழுக்கப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், என் பூவுக்கு வந்தவை என்று நினைத்துக் கையால் விரட்டிவிட்டுப் போயிருக்கிறேன். அலமாரியில் ஒன்றுகூட இல்லை. அத்தனையும் அப்பாவின் வலது சப்பாத்தைச் சுற்றிக்கொண்டிருந்தன. ஈ ஏமாறவில்லை, நான்தான் ஏமாந்தேன்.

அவிழ்த்தது மிஸ்ஸிதான். காலுறை தோலோடு ஒட்டியிருந்தது. பெருவிரலும் அடுத்த இரண்டும் கறுத்துப்போய், பாதத்தின் மேல்வரை வீக்கம். உள்ளே அப்பா மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் அப்பியிருந்தார். நாற்றம் எழும்பியபோது என் மனைவி முகத்தைத் திருப்பவில்லை, என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். நாலைந்து நாள் முன்னால் கொண்டு வந்திருந்தால் விரலோடு போயிருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை, குறிப்பு எழுதிக்கொண்டே சொன்னார். கட்டுப்போட்டவர் மட்டும், "வீட்டுல யாருக்கும் வாடை தெரியலியாண்ணே?" என்று கேட்டார்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஆஸ்பத்திரி நடையில் இருந்த அந்த மூன்று நாளில், மொட்டு இந்நேரம் விரிந்திருக்குமே என்று நினைத்தேன். ஒரு தடவை இல்லை, பல தடவை. உள்ளே அப்பாவின் காலை வெட்டிக்கொண்டிருந்தபோதுகூட நினைத்தேன். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. செவ்வாய்க்கிழமை வீட்டுக்குத் துணி எடுக்கப் போனேன். தட்டு விரிந்து, வாடி, கசங்கிய துணி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது.

அப்பா எழுந்து உட்காரும் அளவுக்குத் தேறிய பிறகு கேட்டேன். மெதுவாகத்தான் கேட்க நினைத்தேன், கத்தலாகத்தான் வந்தது. "ஏன் சொல்லல? ஏம்பா சொல்லல?"

"சப்பாத்து கடிச்ச புண்ணுதான. தோட்டத்துல எத்தன ஆறியிருக்கு."

"நாறுச்சுல்ல? உங்களுக்குத் தெரிஞ்சுதுல்ல?"

அவர் பக்கத்துக் கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எங்க தோட்டத்து ஆபீஸ் கிராணி இதே மாதிரிக் காலோடதான் ஆஸ்பத்திரிக்குப் போனாரு. கால் இல்லாமதான் வந்தாரு. மூணு மாசத்துல ஆளே இல்ல. எனக்குப் பயம்டா" என்றார். "நீதான் மொதல்ல பூன்னு சொன்னே. அவ்வளவு உறுதியா சொன்னியா, நானும் பிடிச்சுக்கிட்டேன்" என்றார்.

எனக்கு அவர்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. என்மேல் வந்திருக்க வேண்டிய ஆத்திரம், தெரியும். ஆனாலும் அவர்மேல்தான் வந்தது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வார்டில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

செடிகளைத் தூக்கி எறிந்துவிட்டேன் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். எறியவில்லை. சாக்கடை ஓரம்வரை நாலு சட்டியைக் கொண்டுபோனேன், திருப்பிக் கொண்டுவந்தேன். மனைவி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அது என்ன பண்ணுச்சு?" என்றாள், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு வியாதி பிடித்துக்கொண்டது. வேலை நடுவில் வண்டியைத் திருப்பிக்கொண்டு வருவது நிற்கவில்லை, இப்போது அப்பாவின் இடது காலுக்காக வந்தேன். வந்ததும் சப்பாத்தைக் கழற்றி, காலுறையை உருவி, விரல் இடுக்கு ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பேன், முகர்ந்து பார்ப்பேன். அவருக்குக் கூச்சம். மகன் காலைத் தூக்கி மூக்கில் வைத்துக்கொள்வதை எந்த அப்பா தாங்குவார்? "சுடாலா, போதும், விடுடா" என்று காலை இழுத்துக்கொள்வார். ஒற்றைச் சப்பாத்தையும் அவர் விடவில்லை. அதைப் போட்டுத்தான் ஊன்றுகட்டையைப் பிடித்துக்கொண்டு நடப்பார். எலி செத்தால், குப்பை வண்டி தெருவில் நின்றால், சந்தையிலிருந்து மனைவி கருவாடு வாங்கி வந்தால், நான் முதலில் போவது அவர் காலுக்குத்தான். அவர் இருந்த ஆறு வருஷமும் அப்படித்தான்.

மறு வருஷம் தட்டு பூத்தது. ஞாயிற்றுக்கிழமை காலை. கடைக்குப் போய்த் தலைமுடி வெட்டிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பியபோது வாசலிலேயே வாடை அடித்தது. பின்னால் ஓடினேன். அப்பா நாற்காலியை அலமாரிக்கு நேராகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு எதிரே, மங்குக்கு வெளியே தொங்கிக்கொண்டு, வெளிர் மஞ்சளில் நூல் நூலாகச் சிவப்பு ஓடி, ஓரமெல்லாம் முடியோடு அது விரிந்து கிடந்தது. நான் நாலு வருஷம் காத்திருந்த பூ.

நான் தரையில் உட்கார்ந்து அவருடைய சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்தேன்.

"டேய், பூதான்டா" என்றார் அப்பா. "சத்தியமா பூதான். கண்ணு முன்னாடி இருக்கு பாரு."

அவர் சொல்லச் சொல்லக் காலுறையை உருவினேன். ஐந்து விரலையும் பிரித்து, ஒவ்வொன்றாக முகர்ந்து முடித்த பிறகுதான் தலையைத் திருப்பிப் பூவைப் பார்த்தேன்.